ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை என்று வரிசையாக நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் வந்தால் தெருப்பக்கம், முற்றம், கொல்லை, இந்த மூன்று வழியாகத்தான் வரவேண்டும். அந்த மூன்று இடமும் கண்ணைப் பறிக்கும். நடுவில் இருப்பதெல்லாம் அரை இருட்டு. வெயில் காலத்தில் குடியிருக்கச் சுகம். போட்டோ எடுக்கப் போனால்தான் தெரியும் சேதி.

உச்சி வெயிலில் தெருவில் சுமார் 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம். கூடத்தில் 200 லக்ஸ் இருந்தால் ஜாஸ்தி. 500 மடங்கு வித்தியாசம்! நம் கண் ஜன்னலைப் பார்க்கும்போது சுருங்கி, மூலையைப் பார்க்கும்போது விரிந்து, இரண்டையும் சேர்த்து மூளைக்கு ஒரு பொய்க்கணக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஜன்னலைப் பார்த்து அளந்தால் அறை கரிச்சட்டி. அறையைப் பார்த்து அளந்தால் ஜன்னல் வெள்ளைக் காகிதம்.

இது இன்று நேற்று வந்த தலைவலி இல்லை. 1858-ல் காப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்பவர் சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோகிராபராக மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வந்தார். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ் நீல நிறத்தைக் கண்டால் அநியாயத்துக்குப் பொங்கும். ஆகவே கோபுரம் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளை. மனுஷர் என்ன செய்தார்? நெகட்டிவ் மேலேயே மேகம் வரைந்துவிட்டார்! செலவு ஜாஸ்தி என்று கவர்னர் ட்ரெவெல்யன் அவர் வேலைக்கே வேட்டு வைத்தது தனிக்கதை. (அந்த கவர்னரையே 1860-ல் லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆடிட் பார்ட்டிகள் கவனிக்க.)

இப்போது செல்போனே மேகம் வரைகிறது. ஹெச்.டி.ஆர். என்கிறார்கள். கண் இமைப்பதற்குள் ஏழெட்டு படம் எடுத்து, ஜன்னலை ஒன்றிலிருந்தும் மூலையை இன்னொன்றிலிருந்தும் பொறுக்கி ஒட்டுகிறது. நல்ல வித்தைதான். ஆனால் சில சமயம் அறை முழுக்க நிழலே இல்லாமல் ஜவுளிக்கடை போலாகிவிடும். ஃப்ளாஷ் போட்டால் அதைவிட மோசம்: ஜன்னல் கண்ணாடியில் ஒரு சூரியன், மூக்குக் கண்ணாடியில் இரண்டு.

இருட்டை விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. தெப்பக்குளம் பக்கத்து லூர்து மாதா கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை எடுப்பதென்றால் கண்ணாடிக்கு மட்டும் அளந்து, பெஞ்சுகளை இருட்டில் விட்டுவிட வேண்டும். இரண்டும் வேண்டும் என்று பேராசைப்பட்டால் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் வெளுத்துப் போகும்.

வீடு அப்படி இல்லை. அங்கே ஆள் இருக்கிறார்.

டொரன்டோவில் இருக்கும் நண்பர், கீழச் சித்திரை வீதி வீட்டைக் கொடுத்துவிடுவதாக முடிவாகி, அங்கே ஃப்ளாட் வருவதற்கு முன் அம்மா கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று வேண்டும் என்றார். மருமான் பையன் பதினொரு படம் அனுப்பியிருந்தான். பதினொன்றிலும் பளீரென்று ஒரு சதுரம், அதன் முன்னால் கறுப்பாக ஓர் உருவம். "அம்மாவா அரிசி மூட்டையான்னே தெரியலைடா" என்று போனில் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

போனேன். ஆளை மட்டும் எடுப்பதென்றால் ரொம்பச் சுலபம். நாம் ஜன்னலோரம் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவரை நம் பக்கம் திருப்பினால் போதும். முகத்தில் பால் மாதிரி வெளிச்சம் விழும். இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டால் மறு கன்னமும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நண்பருக்கு ஜன்னலும் வேண்டும். சித்திரைத் தேர் போவதை அம்மா அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பாராம்.

அதற்கு ஒரே மருந்து, காத்திருப்பது. வீடு கிழக்குப் பார்த்தது. காலையில் போனால் சூரியன் நேரே உள்ளே வரும். சாயங்காலம் தெருப்பக்கம் நிழல். அதுவும் போதாமல், சூரியன் மறைந்து, கூடத்து பல்பும் தெரு வெளிச்சமும் ஒன்றையொன்று சமமாகப் பார்த்துக்கொள்ளும் பத்து நிமிஷம் ஒன்று வரும். காமிராவை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு அதற்காகக் காத்திருந்தேன்.

"இன்னும் எத்தனை நாழிடா? அடுப்பில பால் இருக்கு" என்றார் மாமி. "ஆடாம இருங்கோ மாமி" என்று சொல்லி ஐந்தாறு முறை அழுத்தினேன்.

ஒன்றில் எல்லாம் விழுந்திருந்தது. மாமியின் முகம், கம்பி, எதிர்வீட்டுத் திண்ணை, சைக்கிளில் போன பூக்காரர் உட்பட. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஜன்னல்ல ஒட்டடை தெரியறதே, முன்னாடியே சொல்லப்படாதோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐப்பசியில் வீட்டை இடித்தார்கள். ஜன்னல் கம்பிகள் எடைக்குப் போயின.