ஃப்ளாஷ் வாங்கப் போறீங்களா? முதல்ல கூரையைப் பாருங்க!

"அக்கா, ஏழாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ஃப்ளாஷ் ஒண்ணு சொல்லு. ஞாயித்துக்கிழமை ஆர்டர் இருக்கு."

சூலக்கரையிலிருந்து சித்தி மகன் போன் செய்தபோது ராத்திரி பத்தரை மணி. காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கி, சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சும்மா எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் முதல்முறையாகக் காசு கொடுத்து ஒரு வேலை வந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குக் காதணி விழா. இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸும் வாங்கிவிட்டான்.

அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எடுத்த ஒரு விசேஷத்தின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தான். முன்னால் நின்றவர்கள் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுப்பு. பின்னால் வரிசையாக வைத்திருந்த சீர்த்தட்டுகள் இருட்டுக்குள் போய்விட்டன. காதணி விழாவில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, ஆசாரி காது குத்துவது ஒரு நொடி வேலை. "அத மிஸ் பண்ணிட்டா இன்னொரு தடவை குத்தச் சொல்ல முடியுமாக்கா?" என்றான்.

நான் பட்ஜெட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. "மண்டபத்துல கூரை என்ன கலர்?" என்று கேட்டேன். ஃப்ளாஷ் வாங்க நினைக்கிற எல்லோருக்கும் அதே கேள்விதான்.

கழுத்து திரும்புதா?

கேமராவோடு வரும் குட்டி ஃப்ளாஷ் லென்ஸுக்கு மேலே, முகத்துக்கு நேராக நின்று அடிக்கிறது. அதனால்தான் வெளிறிய முகம், கண்ணில் சிவப்பு, பின் சுவரில் கறுப்பு நிழல் எல்லாம். நம்மூர் வெயிலில் வேர்த்து, எண்ணெய் மினுக்கும் நெற்றியில் அது இன்னும் பளீரென்று தெரியும். பட்டுப் புடவையின் ஜரிகையும் கண்ணைக் கூசும்.

இன்னொரு காரணம் தூரம். தூரம் இரண்டு மடங்கானால் ஃப்ளாஷ் வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்துவிடும். ஐந்தடியில் நிற்கும் தாய்மாமனுக்குக் கிடைப்பதில் கால் பங்குதான் பத்தடி தள்ளி இருக்கும் சீர்த்தட்டுக்குக் கிடைக்கும். பெரிய ஃப்ளாஷ் வாங்கி அதையும் நேராகவே அடித்தால் இதே கதைதான், இன்னும் சத்தமாக.

வழி என்னவென்றால், ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடிக்க வேண்டும். கூரையே பெரிய விளக்காக மாறி, எல்லோர் மேலும் பரவலாக வெளிச்சம் விழும். குழந்தையின் முகத்தில் நேராகப் பளிச்சென்று அடிக்காததால் அதுவும் சிணுங்காது.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது தலை மேலே நிமிர்கிறதா, பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்பதைத்தான். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கும்போது பக்கவாட்டில் திரும்பினால்தான் கூரையைப் பார்க்க முடியும். மேலே மட்டும் நிமிரும் ஃப்ளாஷ் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நடுப்புள்ளி இருக்கா?

இது பலருக்கும் தெரியாத விஷயம். கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்துக்கு ஹாட் ஷூ என்று பெயர். அதன் நடுவில் பெரிதாக ஒரு உலோகப் புள்ளி இருக்கும். விலை குறைந்த மேனுவல் ஃப்ளாஷ்கள் எல்லாம் அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் வேலை செய்கின்றன. எந்தக் கம்பெனி கேமராவிலும் அவை அடித்தது அதனால்தான்.

2019-ல் வந்த கேனன் 200டி மார்க் 2 கேமராவில் அந்த நடுப்புள்ளி கிடையாது. 1500டி, 3000டி வரிசையிலும் இப்படி வந்திருக்கின்றன. புதிதாகக் கேமரா வாங்குபவர்கள் கையில் அதிகம் இருப்பதே இந்த மாடல்கள்தான். இவற்றில் ஒற்றைப் புள்ளி ஃப்ளாஷை மாட்டலாம், ஆனால் அடிக்காது. கேனனுக்கென்றே செய்த, இந்த மாடல்களோடு ஒத்துப்போகும் டிடிஎல் ஃப்ளாஷ் வேண்டும். கேனன் ஆர்50 மிரர்லெஸ் என்றால், வழக்கமான கேனன் ஃப்ளாஷை மாட்டவே ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாகத் தேவைப்படும். நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. சோனியின் ஷூ அமைப்பு வேறு என்பதால் சோனிக்கான மாடலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தம்பியிடம் ஹாட் ஷூவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நடுப்புள்ளி இருந்தது. அவன் செலவில் பாதி அங்கேயே மிச்சமானது.

டிடிஎல்லா, மேனுவலா?

டிடிஎல் என்றால், எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கேமராவே அளந்து ஃப்ளாஷுக்குச் சொல்லிவிடும். மேனுவலில் அரை, கால், எட்டில் ஒன்று என்று நாமே வைக்க வேண்டும். மேனுவல் ஃப்ளாஷ்கள் ஏறத்தாழ மூவாயிரத்தில் தொடங்கி ஆறாயிரம் வரை போகின்றன. டிடிஎல் என்றால் ஏழாயிரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். விலை அடிக்கடி மாறும்.

ஓடி ஆடும் குழந்தைகள், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் என்று தூரம் மாறிக்கொண்டே இருக்கும் வேலைக்கு டிடிஎல் வசதி. மேடையில் வரிசையாக வந்து நின்று மொய் எழுதிவிட்டுப் போட்டோவுக்கு நிற்கும் விசேஷத்துக்கு மேனுவலே போதும். தூரம் மாறாது. ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் நூறு படமும் ஒரே மாதிரி வரும். கோடாக்ஸ் டிடி600 இந்த வகைதான். தலை இரண்டு பக்கமும் திரும்பும். வயர்லெஸ் ரிசீவரும் உள்ளேயே இருப்பதால், நாளைக்கு ஒரு டிரிக்கர் வாங்கினால் கேமராவை விட்டுத் தள்ளி வைத்தும் அடிக்கலாம்.

பெட்டி மேல பெரிய நம்பர்

'ஜிஎன் 60' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது கைடு நம்பர், அதாவது ஃப்ளாஷின் பலம். கணக்கு சுலபம். ஐ.எஸ்.ஓ 100-ல் அந்த எண்ணை மீட்டர் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய எஃப் எண் வரும். ஜிஎன் 32, தூரம் 4 மீட்டர் என்றால் எஃப் 8.

ஆனால் 60 என்பது தலைக்குள் இருக்கும் ஜூமை 200 மி.மீட்டருக்குத் தள்ளி, ஒளியைக் குறுக்கி அளந்த எண். குரூப் போட்டோவுக்கு அகலமாகப் பரப்பினால் அது நன்றாகவே குறையும். கூரையில் அடித்தால் இன்னும் குறையும். ஆகவே இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது எத்தனை மி.மீட்டரில் அளந்த எண் என்று பாருங்கள். கேமராவின் சொந்த ஃப்ளாஷுக்கு இந்த எண் மிகவும் குறைவாகவே இருக்கும் என்பதால், சாதாரண ஃப்ளாஷ்கூட உங்களுக்குப் பெரிய முன்னேற்றம்தான்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற இடம் இதுதான். பெட்டிக்கடையில் வாங்கும் ரிமோட் பேட்டரியைப் போட்டால், ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த படத்துக்கு ஃப்ளாஷ் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் காது குத்தி முடிந்து குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்.

சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நான்கு நான்காக இரண்டு செட், ஒரு நல்ல சார்ஜர். இதற்கான பணத்தை ஃப்ளாஷ் பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். முழுச் சக்தியில் விடாமல் அடித்தால் ஃப்ளாஷ் சூடேறும், சித்திரை மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஃப்ளாஷ் கிடக்கிறதா? அதை அப்படியே டிஜிட்டல் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். ஃபிலிம் காலத்து மாடல்கள் சிலவற்றில் ஷூ வழியாக 200 வோல்ட்டுக்கு மேல் வரும். விவிடார் 283-ன் ஆரம்பகால மாடல்கள் அதற்குப் பேர்போனவை. கேமராவின் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடலாம்.

பட்டாசு ஊருக்கு ஒரு எச்சரிக்கை

ஃப்ளாஷுக்கும் பட்டாசுக்கும் பழைய உறவு உண்டு. 1887-ல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேவும் யோஹன்னஸ் கேடிக்கேவும் கொண்டுவந்த ஃப்ளாஷ் பவுடரில் இருந்தது மக்னீசியம் தூள், பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்பைடு. பட்டாசு மருந்துக்குப் பங்காளி என்றே சொல்லலாம். அதைக் கொளுத்தித்தான் படம் எடுத்தார்கள், கையையும் முகத்தையும் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

இப்போது மருந்து இல்லை. நான்கு சின்ன பேட்டரியின் மின்சாரத்தை 300 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, கெப்பாசிட்டரில் சேர்த்து, செனான் வாயு நிரம்பிய குழாயில் ஒரே அடியாக விடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். அதனால் ரிப்பேர் என்று வீட்டில் ஃப்ளாஷைப் பிரிக்காதீர்கள்.

சாத்தூர், சிவகாசி பக்கம் இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. "ஆலையில வேலை நடக்கிறதை எடுத்துக் கொடு" என்று யாராவது கூப்பிட்டால் மருந்து அறைக்கும் குடோனுக்கும் ஃப்ளாஷோடு போகாதீர்கள். செல்போனையே வாசலில் வாங்கி வைக்கிற இடம் அது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தப் படம் வேண்டாம்.

தீபாவளிக்கு வானத்தில் வெடிப்பதை எடுக்கவும் ஃப்ளாஷ் உதவாது, வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. முன்னால் இருக்கும் புகைதான் வெளுத்துத் தெரியும். டிரைபாடில் வைத்து ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, இரண்டு மூன்று நொடி போதும். கம்பி மத்தாப்பு சுற்றும் பிள்ளைக்கு மட்டும் ஃப்ளாஷ் கைகொடுக்கும். ஷட்டரை அரை நொடிக்கு வைத்து, ஃப்ளாஷைக் குறைந்த சக்தியில் அடித்தால் முகம் தெளிவாகவும் மத்தாப்பு வளையமாகவும் விழும்.

ஞாயிற்றுக்கிழமை

தம்பி சனிக்கிழமை சாயங்காலமே மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். உள்ளே வெள்ளைக் கூரை, ஏறக்குறைய பன்னிரண்டு அடி. வெளியே சாப்பாட்டுப் பந்தலில் பச்சைத் துணி. அதில் அடித்தால் எல்லோர் முகமும் பச்சையாக வரும். அங்கே மட்டும் ஃப்ளாஷ் தலையின் பின்பக்கம் உள்ளங்கை அளவு வெள்ளை சார்ட் அட்டையை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். செலவு ஐந்து ரூபாய்.

உள்ளே மேனுவல் மோடு, ஐ.எஸ்.ஓ 800, எஃப் 5.6, ஷட்டர் 100-ல் ஒரு பங்கு, ஃப்ளாஷ் அரைச் சக்தி. அங்கிருந்து கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். ஷட்டரை 200-ல் ஒரு பங்கைத் தாண்டி ஏற்றாதே என்றும் சொல்லிவைத்தேன். இந்தக் கேமராக்களில் அதற்கு மேல் போனால் படத்தின் ஒரு ஓரம் கறுப்புப் பட்டையாகிவிடும்.

ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம் வந்தது. மாமன் மடியில் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. குழந்தையைவிட மாமன் முகத்தில்தான் வலி அதிகம். பின்னால் சீர்த்தட்டு பதினொன்றும் தெரிகின்றன. நான் எண்ணிப் பார்த்தேன்.

கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, மிச்சப் பணத்தக் கையிலயே குடுத்துட்டாங்க. ஆவணியில ஒரு கல்யாணமும் சொல்லியிருக்காங்க. அந்த மண்டபத்துல கூரை என்ன கலர்னு இன்னிக்கே பாத்துட்டு வந்துடறேன்."