லேக் மார்க்கெட்டில் உறைபனியா?

கொல்கத்தாவின் தென்பகுதியில், தென்னிந்தியர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் உறைபனி பெய்வதில்லை என்பதைச் சிறுவரும் அறிவர். எனினும், அவ்வட்டாரத்தின் செயற்கைக்கோள் படத்தைக் கணிப்பொறியில் கவனமின்றிக் கையாண்டால், காய்கறிக் கடைகளின்மீது உறைபனி படிந்திருப்பதாக நிலப்படம் கூறிவிடும். எண்ணின் இயல்பை அறியாமையே இதற்குக் காரணமாகும்.

2013 இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 8, 2021 இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 9 ஆகியவற்றின் படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நிலத்தை 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பகுத்துக் காட்டும் இப்படங்களுடன், ஒவ்வொரு கட்டத்தின் தன்மையையும் கூறும் தரப்படம் ஒன்றும் வருகின்றது. அதில் கட்டந்தோறும் ஓர் எண் இருக்கும். அவ்வெண் வெப்பத்தையோ உயரத்தையோ போன்றதோர் அளவன்று. பதினாறு மின்விசைகள் பொருத்திய பலகை போன்றது. ஒவ்வொரு விசையும் ஒரு பிட் ஆகும். 8 என்னும் மதிப்புடைய விசை முகிலையும், 16 நிழலையும், 32 உறைபனியையும், 64 தெளிவையும், 128 நீரையும் குறிக்கும். 256 முதல் மேலுள்ள விசைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அம்முடிவுகளின் உறுதியைத் தெரிவிக்கும்.

தெளிவான நிலத்திற்குரிய எண் 21824, முகிலுக்குரியது 22280. படத்தின் கட்ட அளவை மாற்றும்போது, மென்பொருள் அண்டைக் கட்டங்களின் சராசரியை எடுப்பதுண்டு. இவ்விரண்டின் சராசரி 22052. அதனைப் பிட்டுகளாகப் பிரித்தால் 16384, 4096, 1024, 512, 32, 4 என்றாகும். முகிலின் விசை அணைந்து, உறைபனியின் விசை எரிகின்றது! வீட்டு எண்களைக் கூட்டிச் சராசரி கண்டு, அந்த எண்ணுள்ள வீட்டில் ஆளைத் தேடுவதற்கு இது ஒப்பாகும். குறியெண்களுக்குச் சராசரி இல்லை. அண்மைக் கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் முறையே பொருந்தும்.

உறைபனிப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நீர்நிலையில் நேரும் பிழையோ மறைந்து நின்று கேடு செய்யும். அருகிலுள்ள ரவீந்திர சரோவரின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 73 ஏக்கர். அதாவது 330 கட்டங்களுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் நூறு கட்டங்களை முகில் மறைத்த நாளில் நீர்க்கட்டங்களை மட்டும் எண்ணுபவர், ஏரி சுருங்கிவிட்டதென்று அறிக்கை எழுதிவிடுவார். மறைந்த கட்டங்களைத் தனியே எண்ணிக் காட்டாத அறிக்கை நம்பத்தக்கதன்று.

தெளிவைக் குறிக்கும் விசையும் முழுக் காப்பாகாது. முகில் நிழலுக்குரிய 23888 என்னும் எண்ணில் 64, 16 ஆகிய இரண்டுமே உள்ளன. முகிலும் அதன் ஓரமும் இல்லை என்பதே அங்குத் தெளிவு என்பதன் பொருள்; நிழல் இல்லை என்பதன்று. ஆகவே நிழலைத் தனியே சோதித்தல் வேண்டும்.

கிராஸ் மென்பொருளில் & என்னும் ஒற்றைக் குறி பிட்டுகளை ஒப்பிடும்; && என்னும் இரட்டைக் குறி, இரு எண்களும் சுழியல்லாதவையா என்பதை மட்டுமே பார்க்கும். ஒரு குறி மாறினால் நிலப்படமே மாறும். பிட் குறி இல்லாத மென்பொருளில் வகுத்தலே போதும். 22052 ஐ 32 ஆல் வகுத்தால் ஈவு 689; அது ஒற்றைப்படையாதலால் உறைபனி விசை எரிகின்றது. 21824 ஐ வகுத்தால் ஈவு 682. இரட்டைப்படை, விசை அணைந்துள்ளது. ஏழாம் வகுப்பு மாணவரும் பென்சிலைக் கொண்டு இதனைச் செய்துவிடலாம்.

ஆயத்தமான வடிகட்டிகள் மென்பொருளிலேயே இருக்கையில் இவ்வுழைப்பு எதற்கு என்று சிலர் வினவுவர். வடிகட்டியைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. அது எதனை வடித்தது என்று அறியாதிருப்பதே குற்றம். களப்பணியாளர் தம் நிலப்படத்தில் ஐந்தாறு கட்டங்களையேனும் கையால் பிரித்துப் பார்த்தபின் அறிக்கையில் ஒப்பமிடுதல் நன்று. ஆசிரியர்களும் வண்ணப்படத்தைக் காட்டுமுன் அதன் அடியிலுள்ள எண்ணைப் படிக்கக் கற்பிப்பாராயின், பிற்காலத்தில் பொய்யான நிலப்படங்கள் குறையும்.