ஆயுட்கால எண்ணெய்

ஜவ்வாது மலை நீலகிரியைப் போல மிரட்டுகிற மலை அல்ல. வானாய்வகம் அமைந்திருக்கும் காவலூரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர்தான். ஆயினும், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்ட தானியங்கி கியர் கார் ஒன்றின் உண்மையான உடல்நிலையை அறிய, ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கோ போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கோ ஏறிச்செல்லும் சாலை போதும். சமவெளியில் ஒளிந்துகொண்டிருந்த குறைகள் வளைவுகளில் ஒவ்வொன்றாக வெளிவரும். எஞ்சின் உறுமும், வண்டி அதற்கேற்ப வேகமெடுக்காது. கியர் மாறும்போது ஓர் உதறல், நின்று புறப்படும்போது ஒரு தயக்கம், பிறகு கருகிய வாடை.

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரண கியர் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், நாலு பேர் தள்ள, இரண்டாம் கியரில் போட்டுக் கிளப்பிவிடலாம். டார்க் கன்வெர்ட்டர் வகை வண்டியிடம் அது பலிக்காது. இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுத்துச் செல்வதும் ஆபத்து. எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பு ஓடும். இல்லையேல் உள்ளே மசகின்றி உலோகம் உலோகத்தோடு உரசும்.

எப்படியோ கீழே கொண்டுவந்து ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும். பழைய காரின் சந்தை விலையில் பெரும்பகுதியை அந்தச் செலவே விழுங்கிவிடக்கூடும். வண்டிக்கு வயதாகிவிட்டது, வேறென்ன செய்ய முடியும் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். இந்தத் தலையாட்டலைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். இவ்வகைக் கார்களை முடக்குவது வயது மட்டுமன்று. அவற்றைப் பற்றிய அறிவு உரிமையாளரிடமும் தெருமுனை மெக்கானிக்கிடமும் வந்து சேராதபடி தடுக்கப்பட்டிருப்பதே அதைவிடப் பெரிய காரணம்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே நின்று விசையைக் கடத்துவது ஒரு திரவம். கியர்பாக்ஸின் உள்ளே கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், மசகாவதும், சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அந்த எண்ணெய்தான். மெதுவான ஏற்றத்தில் கன்வெர்ட்டரின் வழுக்கல் கூடும். வழுக்கலெல்லாம் சூடாக மாறும். சூடு எண்ணெயைக் கெடுக்கும், கெட்ட எண்ணெய் கிளட்ச் தகடுகளைத் தேய்க்கும், தேய்ந்த துகள்கள் வால்வுகளின் நுண்ணிய வழிகளை அடைக்கும். இத்தனை வேலை செய்யும் எண்ணெயைத்தான் ‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை’ என்று சில கார் நிறுவனங்கள் சொல்லிவந்தன. யாருடைய ஆயுள் என்று கேட்பாரில்லை. உத்தரவாதக் காலத்தின் ஆயுள் என்று கொண்டால் பொருள் சரியாகவே வருகிறது! பல கார் நிறுவனங்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இஸட்.எஃப். நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது. முதல் உரிமையாளருக்குப் பராமரிப்புச் செலவு மிச்சம். அந்தக் கடனை அடைப்பவர் மூன்றாம் உரிமையாளர்.

காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதன் கண்ணாடியிலுள்ள அலுமினியப் பூச்சு காலப்போக்கில் மங்கும். அதை நீக்கிப் புதிதாகப் பூசுவதற்கான வெற்றிடக் கலத்தை அந்த வளாகத்திலேயே அமைத்திருக்கிறார்கள். தேயும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, புதுப்பிக்கும் அறிவையும் கருவியையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதால்தான் ஒரு கருவி தலைமுறை தாண்டி நிற்கிறது.

கார் விஷயத்தில் நமக்கு அந்த முதல் பாடமே சொல்லித்தரப்படவில்லை. ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை உண்மையில் நான்கு வேறு வகை இயந்திரங்கள். டார்க் கன்வெர்ட்டர் ஒன்று. 2014இல் மாருதி செலேரியோ வழியாக நடுத்தர வர்க்கத்தை வந்தடைந்த ஏ.எம்.டி. இன்னொன்று, அது சாதாரண கியர்பாக்ஸேதான், கிளட்ச்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. அதன் உதறலுக்குப் பல சமயம் கிளட்ச் தகட்டை மாற்றினாலே போதும். மூன்றாவதான சி.வி.டி.யில் பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாகக் கப்பிகளும் பெல்ட்டும். அதற்கென்று குறித்த எண்ணெயை விட்டு வேறொன்றை ஊற்றினால் கெட்டுப்போகும். நான்காவது இரட்டைக் கிளட்ச். அதிலும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை, ஏற்றத்தில் ஊர்ந்து செல்லும்போது விரைவில் சூடேறும். நோய் நான்கு, மருந்தும் நான்கு. சென்சார் பழுதோ, வலுவிழந்த பேட்டரியோ, சொலினாய்டு வால்வோ கூட இதே அறிகுறிகளைக் காட்டலாம். பிழைக் குறியீடுகளைப் படித்துப் பார்க்காமல் ‘போய்விட்டது’ என்பது, நாடி பிடிக்காமலே நாள் குறிப்பது போன்றது.

அறிவு ஒரு பக்கமாகவே குவிந்திருந்தால் பழி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று உண்டு. ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களின் இரட்டைக் கிளட்ச் கியர் உதறுகிறது என்று புகார் செய்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் முறையால்தான் உதறுகிறது என்று சொல்லப்பட்டது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியா நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நமது மறைமலை நகரில் 2013இல் உருவான எக்கோஸ்போர்ட்டும் இரட்டைக் கிளட்ச்சுடன்தான் வந்தது. 2017இல் அதைக் கைவிட்டு டார்க் கன்வெர்ட்டருக்கு மாறினார்கள். 2022இல் அந்த ஆலையில் கார் உற்பத்தியே நின்றது. கார்களோ இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டிலும் இதைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு பிறகு மேல்முறையீடுகளுக்குள் சென்றது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. வெறும் அறிவிப்புப் பலகையாக நின்றுவிடாமல் இது சட்டக் கடமையாக மாறவேண்டும் என்பதே என் கருத்து. எந்தக் கியர்பாக்ஸுக்கு எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எந்தச் சூட்டில் அளவு பார்ப்பது, பிழைக் குறியீட்டின் பொருள் என்ன என்பனவற்றைத் திருப்பத்தூரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கும் படிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். அரைகுறை மெக்கானிக் கைவைத்தால் கெடுத்துவிடுவார் என்பது நிறுவனங்களின் வாதம். உண்மைதான். ஆனால் அரைகுறை அறிவுக்கு மருந்து முழு அறிவே அன்றி, அதைப் பூட்டிவைப்பதாக இருக்க முடியாது.

அதுவரை, பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர் செய்யக்கூடியவை சில உண்டு. என்ன வகைக் கியர் என்று கேட்டறியுங்கள். எண்ணெய் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். வண்டி நன்றாகச் சூடேறிய பின், ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். மலையேறும்போது கியர் முன்னும் பின்னும் தாவினால் கீழ்க்கியரில் நிறுத்திவையுங்கள். இறங்கும்போதும் அப்படியே, பிரேக் பிழைக்கும். ஏ.எம்.டி., இரட்டைக் கிளட்ச் வண்டிகளைச் சரிவில் ஆக்சிலரேட்டரால் தாங்கி நிறுத்தாமல் பிரேக்கால் நிறுத்துங்கள். உதறல் தொடங்கிய அன்றே காட்டினால் எண்ணெய்ச் செலவோடு முடியக்கூடியது, ஆறு மாதம் பொறுத்தால் கியர்பாக்ஸ் செலவில் வந்து நிற்கும்.