காயம் படகுக்குக் காத்திராது

"கடலோடிக்குக் காயம் புதிதா?" என்று கேட்டுப் பெருமை கொள்வோர் நம் தீவகத்தில் உளர். பனங்கருக்குக் கிழித்தாலும், திருக்கை முள் தைத்தாலும், முட்கம்பி காலிற் பாய்ந்தாலும், முனகாது மறுநாளும் தொழிலுக்குப் போகிறவனே ஆண்மகன் என்பது அவர்கள் வழங்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். உழைப்பவனின் துணிவை நாம் பழிக்கவில்லை. அத்துணிவையே அவனுக்கு யமனாக்கும் அறியாமையைப் பழிக்கிறோம்.

யாழ்ப்பாண நகரத்தான் நள்ளிரவிலும் போதனா வைத்தியசாலையின் வாயிலை மிதிக்கலாம். வேலணையானுக்குப் பண்ணைத் தாம்போதி உண்டு. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை உண்டு. நெடுந்தீவானுக்கும் நயினாதீவானுக்கும் உள்ளூர்ப் பிரதேச வைத்தியசாலையைக் கடந்தால், குறிகட்டுவான் துறை வரை கடலே வழி. நெடுந்தீவிலிருந்து அத்துறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணம். வாடையோ சோளகமோ மூர்க்கங் கொண்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே "விடியட்டும், பார்ப்போம்" என்னும் சொல் நகரத்தானுக்கு வெறுஞ் சோம்பல்; தீவானுக்கோ உயிரைப் பணயம் வைக்கும் சூது. நகரத்தானை விட முந்தித் தீர்மானிக்க வேண்டியவன் தீவான். ஆனால் இன்று பிந்தித் தீர்மானிப்பவனும் அவனே அல்லவா?

எந்தக் காயம் வீட்டில் ஆறும்? சிறிது நேரம் அமர்த்திப் பிடித்ததும் இரத்தம் நிற்கும் ஆழமற்ற கீறல் ஆறும். அதற்குச் சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் துப்புரவான துணியும் போதும்.

எந்தக் காயம் வைத்தியரைத் தேடவேண்டும்? துணியை இடையில் எடுத்துப் பாராமல் பத்து நிமிடம் இறுக அமர்த்தியும் இரத்தம் நில்லாத காயம். விளிம்புகள் பிளந்து உள்ளே கொழுப்போ தசையோ தெரியும் காயம். விரல் மடங்காமலோ உணர்ச்சி கெட்டோ போன காயம். முள்ளோ ஆணியோ உள்ளே முறிந்து கிடக்கும் காயம். முகத்திலும் மூட்டிலும் பட்ட ஆழமான வெட்டு. எந்த விலங்கினதும் கடி. இவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த படகே உரிய படகு. ஆழப் பதிந்த பொருளைப் பிடுங்கலாகாது. பிடுங்கினால் இரத்தம் பெருகும். நீரிழிவுக்காரருக்குக் காலிற் பட்ட சிறு கொப்புளமும் சிறிதன்று. நோவு தெரியாமலே புண் எலும்பு வரை அரித்துவிடக் கூடும். சிவப்புப் படர்ந்து, வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சலும் கண்டபின் வீட்டில் இருப்பது பொறுமையன்று, பேதைமை.

"உப்புத் தண்ணீரிற் கழுவினாற் போதும்" என்பார் சிலர். கடல்நீர் மருந்தன்று. காயத்தின் வழியே புகுந்து தசையை அழுகச் செய்யும் கிருமிகள் வெதுவெதுப்பான கடல்நீரில் வாழ்கின்றன. ஈரல் நோயாளருக்கும் நீரிழிவுக்காரருக்கும் அவை பெருங்கேடு விளைவிக்கும். நல்ல தண்ணீர் அரிதான தீவுகள் நம்முடையவை என்பதை அறிவோம். ஆயினும் குடத்து நீரில் முதற் பங்கு காயத்துக்கே உரியது. கோப்பித்தூளும் சாணிச் சாம்பலும் அப்புவது காயத்துக்குள் அழுக்கை அடைப்பதேயாகும்.

ஏற்புவலிக் கிருமி மண்ணிலும், மாடு குதிரைகளின் சாணத்திலும் உறைகிறது. மட்டக்குதிரைகள் மேய்ந்து திரியும் நெடுந்தீவு மண்ணில் வெறுங்காலோடு நடப்பவன் இதனை மறக்கலாமா? தாடை இறுகிய பின் ஓடுவதிற் பெரும்பயன் இல்லை. அழுக்கேறிய காயம் பட்டவன், கடைசி ஏற்பு ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால், மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். நாய் கடித்தால் ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசிக்குப் புறப்படவேண்டும். விசர்நோயின் குறி தோன்றிவிட்டால் மீட்சி இல்லை என்றே சொல்லலாம்.

இவை நமக்குப் புதிய செய்திகளா? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம் இளைஞருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். "இரண வைத்தியம்" என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867 இலேயே தமிழில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காயத்தின் இலக்கணத்தைத் தன் மொழியிற் படித்த சமூகம், இன்று "தெரியாது" என்று கைவிரித்தல் தகுமா?

ஆனால் மக்களை மட்டும் கடிந்து, அரசாங்கத்தை விட்டுவிட நாம் ஆயத்தமாக இல்லை. படகேறி வருபவனுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தீவு வைத்தியசாலையிலும் இரவும் பகலும் வைத்தியர் இருக்கவேண்டும். தையலிடும் வசதியும் ஏற்பு ஊசியும் நாய்க்கடித் தடுப்பூசியும் இருக்கவேண்டும். நோயாளரை ஏற்ற எந்நேரமும் எரிபொருளோடு ஆயத்தமான படகு இருக்கவேண்டும். "சனத்தொகை குறைவு" என்று கணக்குக் காட்டுவோரைக் கேட்கிறோம்: சிந்தும் இரத்தத்துக்குமா சனத்தொகைக் கணக்கு?

கற்றோரே, கமக்காரரே, கடற்றொழிலாளரே! மேற்சொன்ன குறிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு துறையிலும் சங்க மண்டபத்திலும் ஒட்டுங்கள். ஊர்ச் சங்கம் கூடும்போது, நம் வைத்தியசாலையில் இன்று எந்த ஊசி இருக்கிறது, எது இல்லை என்று கேட்டுக் குறியுங்கள். இல்லாததைப் பெயர் சொல்லி எழுத்தில் கோருங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.