டோராவுக்கு வாடகை எதற்கு?

ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். தெஹியோவிட்ட பக்கத் தோட்டங்களில் அன்றைக்கு முன்பள்ளி வினோத உடைப் போட்டி. போன வருடம் எங்கள் லயத்தில் ஒரு பிள்ளை போகவேயில்லை. காய்ச்சல் என்றார் தாய். உண்மையில் டவுனில் உடைக்குக் கேட்ட வாடகை அவரிடம் இல்லை.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாவதற்கு எத்தனை வருடம் போராடினோம்! அதை ஒருநாள் கூத்துக்குக் கொடுப்பதா?

டோராவுக்கு என்ன வேண்டும்? ரோஸ் சட்டை, ஓரஞ்சு காற்சட்டை, ஊதா முதுகுப்பை. சட்டையும் காற்சட்டையும் சந்தையில் பழைய உடுப்புக் குவியலில் கிடைக்கும். வெள்ளைப் பனியன்தான் இருக்கிறதா? பீட்ரூட் அவித்த தண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு நாளைக்குச் சாயம் நிற்கும். அரிசிப்பையின் மேல் கிழிந்த ஊதாச் சேலையைத் தைத்து, தையல்கடை வெட்டுத்துண்டில் கண்ணும் வாயும் ஒட்டினால் பை பேசும். புஜ்ஜிக் குரங்கின் வாலுக்குப் பழைய காலுறைக்குள் கந்தல் துணி போதும்.

காமன் கூத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் அட்டையிலும் ஜிகினாத் தாளிலும் முடி செய்த ஆட்கள்தானே நாம்?

முன்பள்ளி ஆசிரியைமாரிடம் நம் மாதர் அணி இப்போதே பேசவேண்டும்: இந்த வருடம் வீட்டில் செய்த உடைக்கு மட்டுமே பரிசு. தையல் மெஷின் உள்ளவர்கள் செப்டெம்பர் கடைசி ஞாயிறு பெயர் கொடுங்கள்.