பம்ப் நின்றால் என்ன ஆகும்?

மீன் தொட்டி என்றதும் வண்ண மீன்களும் விளக்கொளியும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். வீட்டில் கடல்நீர்ப் பவளத் தொட்டி அமைக்க ஆசைப்படுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. எந்த விளக்கு, எந்தப் பவளம், எத்தனை மீன் என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். குழாய் வேலையை மட்டும் கடைசி நாளுக்கு விட்டுவிடுவார்கள். உண்மையில் தொட்டியின் உயிர் குழாயில்தான் இருக்கிறது. அதிலும் பம்ப் ஓடும் நேரத்தை நினைத்து அல்ல, அது நிற்கும் நேரத்தை நினைத்தே குழாயை அமைக்க வேண்டும்.

பவளம் தாவரம் அல்ல, ஓர் உயிரினம். மீனைப் போல இடம் விட்டு இடம் நீந்த அதனால் முடியாது. உணவும் உயிர்க்காற்றும் நீரோட்டத்தோடு வந்தால்தான் உண்டு, கழிவும் நீரோட்டத்தோடு போனால்தான் உண்டு. அதனால்தான் தொட்டியில் நீர் ஓயாமல் ஓட வேண்டியிருக்கிறது.

பொதுவான ஏற்பாடு எளிமையானது. மேல்தொட்டியில் நிரம்பும் நீர் வழிகுழாய் வழியாகக் கீழே உள்ள சம்ப்புக்கு இறங்கும். அங்கே அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் இருக்கும். பம்ப் அந்த நீரை மறுபடி மேலே ஏற்றும்.

இப்போது கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம்! தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். பம்ப் நின்றதும் நீர்மட்டம் 3 செ.மீ. இறங்கினாலே 21.6 லிட்டர் நீர் கீழே வரும். நீரை மேலே கொண்டு வரும் குழாயின் வாய் 10 செ.மீ. ஆழத்தில் மூழ்கியிருந்தால், அதே குழாய் சைபனாக மாறி 72 லிட்டரைக் கீழே இழுத்துவிடும். சம்ப்பில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மிச்சம் வீட்டுத் தரையில்தான்.

இதற்குப் பலர் நம்புவது நான்-ரிட்டர்ன் வால்வை. ஆனால் கடல்நீரில் சுண்ணாம்புப் படிவும் நத்தையும் பாசியும் அந்த வால்வை முழுதாக மூடவிடாமல் செய்துவிடும். வால்வு இருக்கலாம், அதை நம்பி இருக்கக் கூடாது. குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டி வைப்பதும், சம்ப்பில் காலி இடம் விடுவதும்தான் கெட்டுப்போகாத பாதுகாப்பு.

இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. வழிகுழாயில் ஒரு நத்தை அடைத்துக்கொண்டால், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி நிரம்பி வழியும். எனவே இரண்டாவதாக ஓர் அவசர வழிகுழாய் அவசியம். பம்ப் இருக்கும் அறையின் நீர், மேல்தொட்டியின் விளிம்புவரை மிச்சமிருக்கும் இடத்தில் அடங்க வேண்டும். அந்த இடம் 4 செ.மீ. என்றால் கணக்கு 28.8 லிட்டர்.

பெரிய பம்ப் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறான எண்ணம். பவளத்துக்குத் தேவையான ஓட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே வைக்கும் சிறு அலை பம்ப்புகள் தரும். சம்ப்பிலிருந்து ஏறும் நீர் மிதமாக இருந்தாலே போதும். எல்போக்களைக் குறைத்து, குழாயை ஒரு அளவு பெரிதாகப் போட்டால் சிறிய பம்ப்பே நன்றாக வேலை செய்யும். செம்பு, பித்தளை இணைப்புகள் மட்டும் கூடவே கூடாது. செம்பு பவளத்துக்கு நஞ்சு.

'இவ்வளவு குழாய் எதற்கு? ஜகார்த்தாவில் லீ சின் எங் காற்றுக் குமிழிகளை மட்டும் வைத்தே பவளம் வளர்த்தாரே' என்று சிலர் கேட்கலாம். 1961-இல் அவர் அதைப் பற்றி எழுதியது உண்மைதான். ஆனால் அந்த எளிமையிலும் ஒரு பாடம் உண்டு. சம்ப் இல்லாத இடத்தில் வழிவதற்கும் ஒன்றும் இல்லை. சம்ப் வைக்கிறவர் அதன் ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

இரவில் பவளத்தினுள் வாழும் பாசி ஒளிச்சேர்க்கை செய்யாது. அப்போது எல்லா உயிர்களும் உயிர்க்காற்றைச் செலவழிக்க மட்டுமே செய்யும். நள்ளிரவு மின்வெட்டுதான் மிகக் கொடியது. பேட்டரியில் ஓடும் ஒரு சிறு காற்று பம்ப் அந்த நேரத்தில் விலைமதிப்பில்லாதது.

ஆகவே உப்பும் உயிரும் சேர்க்கும் முன்பே, வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஓடும் பம்ப்பின் பிளக்கை ஒரு முறை பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிறகு வழிகுழாயைக் கையால் அடைத்தும் பார்க்க வேண்டும். தரை நனையவில்லை என்றால் பவளம் வாங்கப் போகலாம். நனைந்தால் நஷ்டம் ஒரு வாளித் தண்ணீர் மட்டுமே!