முதலில் பொருளைக் கேட்போம்

குக்கர் வெடித்து முகம் வெந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள், "கொஞ்சம் பார்த்து வைக்கக் கூடாதாம்மா?" என்கிறார்கள். வாளியில் ஹீட்டர் ராடு போட்டு, ஷாக் அடித்துச் செத்துப்போன பையனின் வீட்டில், "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் அந்தப் பேச்சோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. அதே குக்கரும் அதே ராடும் அடுத்த தெருக் கடையில் விலைக்கு இருக்கின்றன. இனி இதற்கு உடன்பட மாட்டோம் என்று அறிவித்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

விபத்து நடந்த வீட்டில் நாங்கள் கேட்கப்போவது வேறு. என்ன பொருள் அது? எங்கே வாங்கியது? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததா? இப்போது அந்தப் பொருள் எங்கே?

குக்கரையே எடுத்துக்கொள்வோம். பருப்பு நுரைத்து ஆவிக்குழாயை அடைக்கும். இது குக்கர் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மூடியில் சேஃப்டி வால்வு வைக்கிறார்கள். வெயிட் வழியாக ஆவி போக முடியாமல் சூடு ஏறும்போது, அந்த வால்வில் இருக்கும் உலோகக் கலவை உருகி வழிவிட வேண்டும். அது உருகாமல் மூடி பறந்தால், அடுப்படியில் நின்றவளின் கவனத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? விடியற்காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கிறவளுக்குக் கவனம் சிதறத்தான் செய்யும். சிதறும் என்று தெரிந்து செய்ததே நல்ல பொருள். மின்சாரத்திலும் இதே கதைதான். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து, இரண்டு பின் பாயிண்டில் செருகித் தருகிறவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக வேண்டிய வழியை அவர் அறுத்துவிட்டார். அதற்கு மிச்சம் இருக்கிற வழி, தொடுகிறவரின் உடம்பு.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளால் காயமோ சாவோ நேர்ந்தால் தயாரித்தவரையும் சில நிலைகளில் விற்றவரையும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்குகிறது. குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு அதே ஆண்டு ஜூனிலிருந்து. குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஜனவரியிலிருந்தே. தரம் தவறிய 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓர் இணைய விற்பனை நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. உத்தரவு போட முடிகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். புகாரும் சாட்சியும் கைக்கு வந்தால்தான் எந்த ஆணையமும் அசையும்.

சாட்சி எங்கே போகிறது? பழைய இரும்புக் கடைக்கு. "வெடித்த சாமான் வீட்டில் இருக்கக் கூடாது" என்று மறுநாளே எடைக்குப் போட்டுவிடுகிறோம். பொருளில் குறை உண்டா என்பதை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்ல வேண்டிய வழக்கில், சோதிக்கப் பொருளே இல்லாமல் போகிறது. எங்கள் உறுப்பினர்களின் முதல் கடமை இந்த ஒரு பழக்கத்தை நிறுத்துவது. உடைந்த பொருளைக் கழுவாமல், ஒட்டவைக்காமல், துண்டுகளோடு ஒரு சாக்கில் கட்டிவையுங்கள். நடந்த இடத்தைப் படமெடுங்கள். பில்லும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அதோடு இருக்கட்டும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருவோம், விசாரணை நாளில் கூடவும் வருவோம்.

அரசிடம் ஒரு கோரிக்கை, அதை விடப்போவதில்லை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையிலிருந்து தாலுகா மருத்துவமனை வரை, தீக்காயத்தோடும் மின்காயத்தோடும் வருகிற ஒவ்வொருவரின் பதிவிலும் எந்தப் பொருளால் காயம், அதில் என்ன முத்திரை, யார் தயாரிப்பு என்று எழுதப்பட வேண்டும். ஊர் ஊராக அதைத் தொகுத்து வெளியிட வேண்டும். ஒரே குக்கரால் மூன்று ஊரில் மூன்று பேர் வெந்தார்கள் என்று தெரிந்தால்தான் நான்காவது பெண்ணைக் காப்பாற்ற முடியும்.

படித்தவர்கள் மட்டும் கூடும் சங்கமாக இது ஆகிவிடக் கூடாது. எலக்ட்ரீஷியன், குக்கருக்கு கேஸ்கட் மாற்றுகிறவர், அங்கன்வாடிப் பணியாளர், கேஸ் சிலிண்டர் போடும் தம்பி, பழைய இரும்புக் கடைக்காரர் எல்லோரும் வர வேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் 'பி-27' என்று இருந்தால் 2027 ஜூனுக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும் என்பது அந்தத் தம்பிக்குத் தெரியும். வீட்டுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும் என்பதை அங்கன்வாடிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் சொல்ல வேண்டும்.

சந்தா கிடையாது. கம்பெனிகளிடமிருந்து நன்கொடை வாங்க மாட்டோம். சேருகிறவர்கள் இந்த வாரமே தம் வீட்டில் தொடங்கலாம்: குக்கர், ஹெல்மெட் இவற்றின் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். எண் போலி என்று தெரிந்தால் பொருளைத் தூக்கி எறியாதீர்கள். 1915க்குப் பேசிப் புகாரைப் பதிவுசெய்து, அந்தப் புகார் எண்ணோடு எங்களிடம் வாருங்கள்.